சிப்பி, சங்கு, நத்தை கையில இருக்கு, இது எந்த வகுப்பு, என்ன பேர்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு படிப்படியா

மெல்லுடலிகளை வகைப்படுத்தக் கத்துக்கணும்னு நான் ஆரம்பிச்சப்ப முதல் எட்டு மாசம் அப்படியே வீணாப் போச்சு. நான் பண்ணது என்னன்னா, கையில ஒரு சங்கு ஓட்டை வச்சுக்கிட்டு நெட்ல படம் படமா தேடி, எது கொஞ்சம் ஒத்துப்போகுதோ அந்தப் பேரை எழுதி டப்பாவுல போட்டு வச்சேன். கடைசில விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொண்டுபோய் காமிச்சா பாதிக்கு மேல பேர் தப்பு. அதைக்கூட திருத்திடலாம், ஆனா எங்க எடுத்தது எப்ப எடுத்ததுன்னு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாததால இனிமே சரியான பேர் கண்டுபிடிச்சாலும் இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டார். அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. நீங்களும் அந்த எட்டு மாசத்தை இழக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

ஒரே ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. படத்துல இருந்து பேருக்குத் தாவாதீங்க. தொகுதி, வகுப்பு, குடும்பம், பேரினம், சிற்றினம்னு மேல இருந்து கீழ இறங்கி வாங்க. மெல்லுடலிகள்ல இன்னைக்கு உயிரோட இருக்கிற, பேர் வச்ச சிற்றினங்களே பல பத்தாயிரம், விலங்குகள்ல கணுக்காலிகளுக்கு அடுத்து ரெண்டாவது பெரிய தொகுதி இதுதான்னு சொல்வாங்க, அதுல படம் பார்த்து ஒண்ணைப் பிடிக்கிறது நடக்காத வேலை.

1. எடுக்கிறதுக்கு முன்னாடி அனுமதியும் லேபிளும்

நிறைய பேர் இதைக் கடைசில யோசிப்பாங்க, நான் யோசிக்கவே இல்ல. பாதுகாக்கப்பட்ட பகுதின்னா செத்துப்போன காலி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாதுன்னு பல இடங்கள்ல விதி இருக்கு. எந்த நாடா இருந்தாலும் அந்த இடத்தோட வனத்துறை, மீன்வளத்துறை விதியை முன்கூட்டியே பாத்துடுங்க. அனுமதி வேணும்னா விண்ணப்பம் போட்டு கைக்கு வர பல வாரம் ஆகலாம், அதனால கிளம்புறதுக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தா பிரயோஜனம் இல்ல.

நாடு விட்டு நாடு கொண்டுபோறீங்கன்னா சைட்டிஸ் ஒப்பந்தத்தை (அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துறது) கண்டிப்பா பாருங்க. ராட்சத சிப்பிங்க (ட்ரைடாக்னா குடும்பம்), கரீபியன் பக்கத்து ராணிச் சங்கு, 2017ல இருந்து நாட்டிலஸ், இது எல்லாமே அதோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. ஓடு மட்டும்தானேன்னு பையில போட்டுக்கிட்டுப் போனா ஏர்போர்ட்ல மாட்டிக்குவீங்க. இன்னொருத்தர் அன்பளிப்பா குடுத்திருந்தாலும் பேப்பர் கேப்பாங்க.

அடுத்து லேபிள். ஒரு ஓட்டை குனிஞ்சு எடுத்த அந்த நிமிஷமே எழுதுங்க, வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்னா மறந்துடும், மூணு கவர் ஒண்ணா கலந்துடும். எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஒரு நம்பர், இடத்தோட பேர், போன்ல காட்டுற அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எது மேல இருந்துச்சு (பாறை, மணல், சேறு, பாசி, இலைச்சருகு), தண்ணின்னா சுமாரா எத்தனை ஆழம், எடுத்தவர் பேர், கடைசியா உயிரோட இருந்துச்சா இல்ல கரை ஒதுங்கின காலி ஓடா. இந்தக் கடைசி விஷயம் பலர் விட்டுடுவாங்க. கரை ஒதுங்கின ஓடு எங்கேயோ வாழ்ந்து எங்கேயோ அலையில அடிச்சு வந்திருக்கும், அது அங்கதான் வாழுதுன்னு அதை வச்சு சொல்ல முடியாது.

பென்சில்ல எழுதுங்க. பால்பாயின்ட், ஜெல் பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சு ஓடிடும். பாட்டில்ல வைக்கிறதுன்னா லேபிள் பாட்டிலுக்கு உள்ள இருக்கணும், வெளிய ஒட்டினது ஒரு நாள் விழுந்துடும்.

2. நேரம் பாத்துப் போங்க

கடல்னா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல தண்ணி வழக்கத்தை விட ரொம்ப உள்ள வாங்கும், அப்பதான் மத்த நாள்ல தெரியாத பாறை எல்லாம் வெளிய தெரியும். ஓதம் வத்துற நேரத்தைப் பாத்து அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, தண்ணி இறங்க இறங்க நீங்களும் இறங்கிப் பாக்கலாம், திரும்ப ஏற ஆரம்பிச்சதும் வெளிய வந்துடணும். நில நத்தைன்னா மழை பெஞ்ச ராத்திரி இல்ல விடியக்காலை. வெயில் நேரத்துல அதெல்லாம் ஓட்டுக்குள்ள சுருங்கி எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்.

கல்லைப் புரட்டினா திரும்ப அதே மாதிரி வச்சுடுங்க. அடியில முட்டை போட்டிருக்கும், வெயில் பட்டா எல்லாம் செத்துடும்.

3. தொடுறதுக்கு முன்னாடி சில எச்சரிக்கை

கூம்பு மாதிரி, ஒரு பக்கம் அகலமா மறுபக்கம் குறுகி, அழகான டிசைனோட ஒரு சங்கு உயிரோட கிடைச்சா கையில எடுக்காதீங்க, பாக்கெட்ல போடாதீங்க. அது கோனஸா இருக்கலாம். அதோட ராடுலா (வாயில இருக்கிற அரம் மாதிரி பட்டை) பல்லு விஷ ஊசியா மாறியிருக்கும், கோனஸ் ஜியோகிராபஸ் கொட்டி மனுஷங்க செத்திருக்காங்க, விஷ முறிவு மருந்தும் கிடையாது. ஓட்டோட அகலமான பக்கத்தைப் பிடிச்சா பத்திரம்னு சிலர் சொல்றதை நம்பாதீங்க, அந்த ஊசியை நீட்டுற துதிக்கை வளைஞ்சு நீண்டு வரும். அதே மாதிரி உடம்புல நீல வளையம் மின்னுற குட்டி ஆக்டோபஸ், கைக்குள்ள அடங்குற சைஸ்தான், ஆனா அதோட கடியில டெட்ரோடோடாக்சின் இருக்கு.

நில நத்தை, ஓடில்லாத நத்தையைத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க. எலிகிட்ட இருந்து நத்தைக்கு வர ஒரு புழு மனுஷ மூளை வரைக்கும் போய் வீக்கம் உண்டாக்கும்.

4. முதல்ல இது மெல்லுடலிதானா?

பாடப்புத்தகத்துல இருக்கிற பண்புகளை இப்ப வேலைக்கு ஆகுற மாதிரி சொல்றேன். உடம்பு மெத்துனு இருக்கும், மண்புழு மாதிரி வளையம் வளையமா பிரிஞ்சிருக்காது. தசையாலான பாதம் ஒண்ணு, உள்ளுறுப்பு எல்லாம் ஒரே மூட்டையா, அந்த மூட்டையைப் போத்தி மேன்டில்னு ஒரு தோல் மடிப்பு. ஓட்டைச் சுரக்கிறது இந்த மேன்டில்தான். அதுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு அறை, செவுள் அதுக்குள்ள இருக்கும். வாயில ராடுலான்னு அரம் மாதிரி ஒரு பட்டை, அதுல வரிசை வரிசையா பல்லு, பாறைப் பாசியைச் சுரண்டித் திங்க. ஓடு கால்சியம் கார்பனேட், மேல மெல்லிசா ஒரு கரிமத் தோல், சிலதுல உள்பக்கம் முத்துப் பளபளப்பு. ரத்தத்துல பெரும்பாலும் செம்பு கலந்த ஹீமோசயனின், அதனால காத்து பட்டா நீலமாகும்.

இப்ப ஒரு பொறி இருக்கு. இந்த லிஸ்ட்ல இருக்கிற எல்லாமே எல்லா மெல்லுடலிக்கும் இருக்காது. சிப்பிகளுக்கு ராடுலா கிடையாது. ஆக்டோபஸுக்கு ஓடு கிடையாது. ரத்தச் சிப்பிகளுக்கும் தட்டையா சுருண்ட சில நன்னீர் நத்தைகளுக்கும் ரத்தம் சிவப்பு, ஏன்னா அதுல இருக்கிறது ஹீமோகுளோபின். ரத்த ஓட்டம் திறந்த வகைன்னு எழுதியிருக்கும், ஆனா தலைக்காலிகளுக்கு மூடிய வகை. அதனால ஒரு பண்பு இல்லைன்னதும் இது மெல்லுடலி இல்லைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, மொத்தமா சேத்துப் பாருங்க.

ஏமாத்துற வேற பிராணிகள் இருக்கு, நான் எல்லாத்துலயும் ஏமாந்திருக்கேன்:

பார்னக்கிள். பாறையில கூம்பா ஒட்டியிருக்கும், உச்சியில துளை. பாக்க லிம்பெட் (தொப்பி மாதிரி ஓடு வச்ச நத்தை) மாதிரியே இருக்கும், ஆனா அது இறால் நண்டு கூட்டம். லென்ஸ்ல பாருங்க, சுவர் பல தட்டு சேந்து இருக்கும். உச்சியில துளை இருக்கிற லிம்பெட்டும் உண்டு, ஆனா அது ஒரே துண்டு ஓடு.

பிராக்கியோபாட். ரெண்டு ஓடு இருக்கும், அச்சு அசல் சிப்பின்னே நினைப்பீங்க. ஒரே ஒரு ஓட்டை எடுத்து நடுவுல மேலிருந்து கீழ ஒரு கோடு போடுறதா நினைச்சுப் பாருங்க. ரெண்டு பாதியும் கண்ணாடி மாதிரி ஒத்துப்போச்சுன்னா, கூடவே ரெண்டு ஓடும் வேற வேற அளவா இருந்தா, பிராக்கியோபாடா இருக்க வாய்ப்பு அதிகம். சிப்பில ஒத்துமை ஒரு ஓட்டுக்கும் மறு ஓட்டுக்கும் நடுவுல இருக்கும், அதாவது இடது வலது. விசிறிச் சிப்பி (ஸ்காலப்) இந்த ரூல்ல கொஞ்சம் குழப்பும், ஆனா அதுக்கு கீல் பக்கம் காது மாதிரி ரெண்டு நீட்டம் இருக்கும், வச்சு கண்டுபிடிச்சிடலாம்.

புழுக் குழாய். பாறையிலயும் பாசியிலயும் வெள்ளையா சுருண்டு ஒட்டியிருக்கிற குழாய்ங்க. சில நத்தைகளும் வளர வளர சுருளை விட்டுட்டு இப்படிக் குழாயாகிடும், வெர்மெடிட்னு பேர். குழாயோட உள்பக்கம் பாருங்க, நத்தைன்னா வழவழன்னு மினுக்கும், புழுன்னா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மங்கலா இருக்கும்.

தட்டைப்புழு. கடல்ல பளிச்சுனு கலர் கலரா ஊர்றதெல்லாம் கடல் நத்தை இல்ல. காகிதம் மாதிரி மெல்லிசா இருந்து முதுகுல செவுள் கொத்து இல்லைன்னா தட்டைப்புழுவா இருக்கலாம்.

காலி சங்குக்குள்ள துறவி நண்டு இருக்கான்னும் பாத்துடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்த பிறகு தெரிஞ்சா பாவம்.

5. வகுப்பைக் கண்டுபிடிங்க, கேள்வி ஒவ்வொண்ணா

பழைய புத்தகத்துல 6 வகுப்புன்னு இருக்கும், சிலதுல 7, இப்ப பெரும்பாலும் 8. முன்னாடி அப்லாகோபோரான்னு ஒண்ணா வச்சிருந்த ஓடில்லாத புழு மாதிரி பிராணிகளை காடோஃபோவியேட்டா, சொலினோகாஸ்ட்ரிஸ்னு ரெண்டாப் பிரிச்சுட்டாங்க, அதான் வித்தியாசம். பெலிசிபோடா, லாமெல்லிபிராங்கியான்னு பாத்தா அது ரெண்டும் பைவால்வியாவோட பழைய பேர்தான், வேற வகுப்புன்னு எண்ணிக்கிட்டு குழம்பாதீங்க.

கேள்வி ஒண்ணு: முதுகுல வரிசையா 8 தட்டு, சுத்தி ஒரு பட்டையா? அப்ப கைட்டான், பாலிபிளாகோபோரா. இதுல தப்பே வராது. பாறையில இருந்து எடுத்தா மரவட்டை மாதிரி சுருண்டுக்கும். அதோட ராடுலா பல்லுல மேக்னடைட், அதாவது காந்தத்துல ஒட்டுற இரும்புத் தாது இருக்கு, பாறையையே சுரண்டுற அளவுக்கு கடினம்.

கேள்வி ரெண்டு: யானைத் தந்தம் மாதிரி லேசா வளைஞ்சு ரெண்டு முனையும் திறந்த குழாயா? அப்ப ஸ்காஃபோபோடா, தந்தச் சிப்பி. அகலமான முனைதான் தலைப்பக்கம், அதை மணல்ல புதைச்சுக்கிட்டு குறுகின முனையை தண்ணியில நீட்டிக்கிட்டு இருக்கும். இதுக்கு செவுளே இல்ல.

கேள்வி மூணு: கீல் வச்ச மாதிரி ரெண்டு ஓடா? பைவால்வியா. தலை கிடையாது, ராடுலா கிடையாது, பெரும்பாலானது செவுளாலயே தண்ணியை வடிகட்டித் திங்கும். கப்பல் மரத்தைத் துளைக்கிற கப்பல்புழுவும் இதுலதான் வரும், உடம்பு புழு மாதிரி நீண்டு முனையில மட்டும் குட்டியா ரெண்டு ஓடு, அதுதான் துளைக்கிற கருவி.

கேள்வி நாலு: தலையைச் சுத்தி கைங்க, உறிஞ்சான்? செஃபலோபோடா, தலைக்காலிகள். 8 கை மட்டும்னா ஆக்டோபஸ். 8 கை, கூட நீளமா ரெண்டுன்னா கணவாய் வகை. அதுல உடம்பு ஓரம் முழுக்க துடுப்பு ஓடி, உள்ள சுண்ணாம்பு மாதிரி தடிச்ச கணவாய் ஓடு இருந்தா செபியா, துடுப்பு பின்னாடி முனையில மட்டும், உள்ள கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஒரு தண்டு இருந்தா ஸ்க்விட். வெளிய ஓடு இருக்கிறது நாட்டிலஸ் மட்டும்தான், ஓடு உள்ள அறை அறையா பிரிஞ்சு நடுவுல ஒரு குழாய் ஓடும், உறிஞ்சான் இல்லாத கைங்க ஏகப்பட்டது. ஆர்கோநாட்னு ஒண்ணு இருக்கு, அதோட வெள்ளை ஓடு பாக்க நாட்டிலஸ் மாதிரி தெரியும், ஆனா உள்ள அறை இருக்காது. அது பெண் ஆக்டோபஸ் தன் முட்டைக்காக செய்யற பெட்டி.

கேள்வி அஞ்சு: ஒரே ஓடா, சுருளாவோ தொப்பியாவோ? இல்ல ஓடே இல்லாம பாதத்துல ஊர்ந்து தலையில உணர்கொம்போட இருக்கா? பெரும்பாலும் கேஸ்ட்ரோபோடா, வயிற்றுக்காலிகள். மெல்லுடலிகள்ல முக்கால்வாசிக்கு மேல இதுதான்.

மீதி மூணு வகுப்பு உங்க கையில வராது. அந்தப் புழு மாதிரி ரெண்டும் பெரும்பாலும் ஆழ்கடல். மோனோபிளாகோபோரா தொப்பி ஓடு வச்சிருக்கும், தசைத் தழும்பு ஜோடி ஜோடியா பல இருக்கும், அது அழிஞ்சே போச்சுன்னுதான் இருந்தாங்க, 1952ல காலத்தேயா கப்பல் பயணத்துல பசிபிக்ல உயிரோட கிடைச்சுது. கரையில கிடைச்ச தொப்பி ஓட்டை நியோபிலினான்னு (இந்த வகுப்புல ஒரு பேரினம்) யாராவது சொன்னா நம்பாதீங்க, அது லிம்பெட்.

இந்த இடத்துல நான் பண்ண ஒரு தப்பை விரிவா சொல்லணும். நகத்தளவு நீள்வட்டமா ஒரு ஓடு, வெளிய பழுப்பு, குவிஞ்சு இருந்துச்சு, இன்னொரு பாதியைக் காணோம், அதனால சிப்பியோட ஒரு பாதின்னு எழுதி வச்சுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு திருப்பிப் போட்டு விளக்கு வெளிச்சத்துல பாக்கிறேன், உள்ள பாதி தூரத்துக்கு வெள்ளையா ஒரு தட்டு குறுக்க ஓடுது, படகுல பலகை போட்ட மாதிரி. ஓரத்துல கீல் இல்ல, பல்லு இல்ல, வட்டமான தழும்பு இல்ல. அது கிரெபிடுலா, செருப்பு லிம்பெட்னு சொல்ற வயிற்றுக்காலி. அதனால தனி ஓடு கிடைச்சா முதல்ல உள்பக்கம் பாருங்க. கீலும் பல்லும் இருந்தா பைவால்வ் பாதி. குதிரை லாடம் மாதிரி தழும்புன்னா லிம்பெட், லாடத்தோட திறந்த பக்கம்தான் தலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜூலியிடேன்னு ஒரு குடும்பம், பச்சையா ரெண்டு ஓடு, கீல் எல்லாம் இருக்கும், ரொம்ப நாள் பைவால்வ்னே வச்சிருந்தாங்க, 1959ல உயிரோட இருக்கிறதைப் பாத்தப்பதான் தலையும் உணர்கொம்பும் வச்சுக்கிட்டு ஊர்ற வயிற்றுக்காலின்னு தெரிஞ்சுது. ரெண்டு ஓட்டுல ஒண்ணோட உச்சியில மட்டும் குட்டியா ஒரு சுருள் இருக்கும், அதுதான் அடையாளம்.

6. குடும்பம் வரைக்கும் இறங்குறது

வயிற்றுக்காலின்னா கூர்முனை மேல, வாய் உங்களைப் பாத்து இருக்கிற மாதிரி பிடிங்க. வாய் வலது பக்கம் வந்தா வலச்சுருள், இடதுன்னா இடச்சுருள். பத்துல ஒன்பதுக்கும் மேல வலச்சுருள்தான். இங்க ரெண்டு பொறி. ஒண்ணு, செல்பி கேமரா படத்தை இடவலமா மாத்திடும், அந்தப் படத்தை வச்சு அபூர்வ இடச்சுருள் கிடைச்சதா சந்தோஷப்பட்டவங்க உண்டு. ரெண்டு, நம்ம தமிழ்ல வலம்புரிச் சங்குன்னு சொல்றது உயிரியல் கணக்குல இடச்சுருள். கூர்முனையைக் கீழ வச்சுப் பாக்கிறதால பேர் திரும்பிடுச்சு. டர்பினெல்லா பைரம்னு அந்தச் சிற்றினத்துல சாதாரணமா கிடைக்கிறதுதான் அறிவியல்ல வலச்சுருள். குறிப்பு எழுதும்போது வலம்புரி இடம்புரின்னு எழுதாம வலச்சுருள் இடச்சுருள்னே எழுதுங்க.

அப்புறம் இந்த இடங்களைப் பாருங்க. வாயோட அடியில பள்ளமோ நீட்டமோ இருக்கா (தண்ணி இழுக்கிற குழலை நீட்டுற கால்வாய், பெரும்பாலும் மாமிசம் திங்கிற வகைகள்ல), நடுத்தூண்ல மடிப்பு இருக்கா எத்தனை, வாயை அடைக்கிற மூடின்னு ஒண்ணு இருக்கா, அது கொம்பு மாதிரியா சுண்ணாம்பா, அடியில தொப்புள் குழி இருக்கா, உதடு மெல்லிசா தடிச்சா. உதடு மெல்லிசுன்னா அது குட்டியா இருக்கலாம். சோழி வகையில இது ரொம்ப முக்கியம், குட்டி சோழிக்கு சுருள் வெளிய தெரியும், வாய் அகலமா இருக்கும், பல்லு இருக்காது, வேற குடும்பம்னே நினைப்பீங்க, நான் நினைச்சேன்.

ஓடு சுருண்டிருக்கிறது வேற, உடம்பு முறுக்கிக்கிறது வேற. வயிற்றுக்காலி லார்வாவா இருக்கும்போது உள்ளுறுப்பு 180 டிகிரி திரும்பி ஆசனவாய் தலைக்கு மேல வந்துடும், அதுக்குப் பேர் டார்ஷன். வகுப்போட அடையாளம் இதுதான், சுருள் ஓடு இல்ல. சுருளே இல்லாத லிம்பெட்டுக்கும் டார்ஷன் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிறவங்க இதுலதான் மார்க் விடுறாங்க.

இன்னொண்ணு, புரோசோபிராங்கியா, ஒபிஸ்தோபிராங்கியா, பல்மோனேட்டான்னு மூணாப் பிரிக்கிற பழைய முறை இப்ப வகைப்பாட்டுல இல்ல. 2005லயும் 2017லயும் வந்த பெரிய திருத்தங்களுக்கு அப்புறம் பட்டெல்லோகாஸ்ட்ரோபோடா, வெட்டிகாஸ்ட்ரோபோடா, நெரிடிமார்ஃபா, சீனோகாஸ்ட்ரோபோடா, ஹெட்டிரோபிராங்கியான்னுதான் பாப்பீங்க. பாடத்திட்டம் பழசா இருந்தா பரீட்சையில அவங்க கேக்கிற மாதிரி எழுதுங்க, நீங்க எடுத்த ஓட்டோட லேபிள்ல புதுசை எழுதுங்க.

பைவால்வ்னா விஷயம் எல்லாம் உள்பக்கம்தான். எனக்கு இந்த வகுப்பு பிடிச்சுப் போனதே ஒரு ராத்திரி ஒரு சாதாரண வீனஸ் மட்டியோட ஓட்டை டார்ச் வெளிச்சத்துல பக்கவாட்டா சாய்ச்சுப் பாத்தப்பதான். நேரா பாத்தா வெறும் வெள்ளை. சாய்ச்சதும் ரெண்டு ஓரத்துலயும் வட்டமா மங்கலா ரெண்டு தழும்பு, ஓட்டை மூடுற தசை ஒட்டியிருந்த இடம். ரெண்டையும் சேத்து ஓரத்துக்கு இணையா ஒரு கோடு, மேன்டில் ஒட்டியிருந்த கோடு. அந்தக் கோடு ஒரு பக்கம் மட்டும் நாக்கு மாதிரி உள்ள மடங்கிப் போகுது. அந்த மடிப்பு அது குழலை உள்ள இழுத்துக்கிற இடம். மடிப்பு இருக்கிற பக்கம் பின்பக்கம். மடிப்பு ஆழம்னா குழல் நீளம், அப்ப அது ஆழமா புதைஞ்சு வாழ்ந்தது. ஓடு மட்டும் கையில இருக்கு, அந்தப் பிராணி எங்க எப்படி இருந்துச்சுன்னு அதுவே சொல்லுது.

தழும்பு ஒண்ணே ஒண்ணு நடுவுலன்னா விசிறிச் சிப்பி, ஆயிஸ்டர் பக்கம் தேடுங்க. ஒண்ணு பெருசு ஒண்ணு ரொம்பச் சிறுசுன்னா மஸல் பக்கம். கீல்ல ஒரே மாதிரி குட்டிப் பல்லு சீப்பு மாதிரி நீள வரிசைன்னா ரத்தச் சிப்பியோட ஆர்க்கிடே பக்கம். பந்தும் குழியும் மாதிரி பூட்டிக்கிற ரெண்டு பெரிய பல்லுன்னா ஸ்பான்டைலஸ். இடது வலது கண்டுபிடிக்க கீல் மேல, முன்பக்கம் உங்களை விட்டு விலகி இருக்கிற மாதிரி பிடிங்க, உங்க இடதுகைப் பக்கம் இருக்கிறதே இடது ஓடு.

ஓட்டுல வட்டமா ஒரு ஓட்டை இருந்தா அது அந்தச் சிற்றினத்தோட அடையாளம் இல்ல, வேட்டை நடந்த தடம். ஓரம் சரிவா செதுக்கின மாதிரின்னா பெரும்பாலும் நிலா நத்தை, நேரா துளைச்ச மாதிரின்னா மியூரெக்ஸ் குடும்பம்.

7. பேர் எழுதுறது

பேர் கிடைச்சதும் அப்படியே எழுதாதீங்க, வோர்ம்ஸ் (கடல் உயிரினப் பேர்ப் பட்டியல்) இல்ல மொலஸ்காபேஸ் (மெல்லுடலிப் பேர்ப் பட்டியல்) தளத்துல போட்டுப் பாருங்க, ரெண்டும் இலவசம். பழைய பேர் போட்டாலும் இப்ப ஏத்துக்கிட்ட பேரைக் காட்டும். ராணிச் சங்கையே எடுத்துக்கோங்க, சைட்டிஸ் பட்டியல்ல ஸ்ட்ரோம்பஸ் கைகாஸ்னு பேர் போட்டது, அப்புறம் லொபேடஸ் கைகாஸ் ஆச்சு, இப்ப அலிகர் கைகாஸ். மூணும் ஒரே சங்கு. இது தெரியாம அனுமதிப் பேப்பர்ல ஒரு பேர், லேபிள்ல ஒரு பேர்னு இருந்தா சிக்கல், அதனால ரெண்டையும் எழுதி வைங்க.

பேருக்குப் பின்னாடி வர ஆள் பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள இருந்தா, அவர் முதல்ல வேற பேரினத்துல வச்சார், பிறகு மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767) அப்படித்தான். அடைப்புக்குறியை நம்ம இஷ்டத்துக்கு எடுக்கவோ போடவோ கூடாது. இடேன்னு முடிஞ்சா அது குடும்பம்.

சிற்றினம் வரைக்கும் உறுதி இல்லைன்னா பேரினத்தோட நிறுத்துங்க. பேரினமும் இல்லைன்னா குடும்பம். அரைகுறையா ஒரு சிற்றினப் பேரை எழுதுறதை விட அது எவ்வளவோ மேல்.

8. சுத்தம் பண்றது, வைக்கிறது

வினிகர், எலுமிச்சை, ஆசிட், எதுவும் கிட்ட வரக் கூடாது. ஓடே கால்சியம் கார்பனேட், கரைஞ்சு போயிடும், நுணுக்கமான வரி எல்லாம் போன பிறகு எதை வச்சுப் பேர் கண்டுபிடிப்பீங்க? ப்ளீச் போட்டா மேல இருக்கிற கரிமத் தோல் போயிடும், அதுவும் ஒரு அடையாளம்தான். சாதாரணத் தண்ணி, பழைய டூத்பிரஷ், நிழல்ல ரெண்டு நாள் காய வைக்கிறது, போதும். மூடி இருந்தா அதையும் அதே கவர்ல வைங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.

மர அலமாரி, சாதா அட்டைப்பெட்டி வேண்டாம். அதுல இருந்து வர அமில ஆவி ஈரத்தோட சேந்து ஓட்டு மேல வெள்ளைப் பொடியா பூத்து அரிச்சுடும், பைன் நோய்னு சொல்வாங்க, பேருதான் நோய், கிருமி எதுவும் இல்ல. வந்த பிறகு போன வரி திரும்ப வராது. ஜிப் கவர், பிளாஸ்டிக் டப்பா, அமிலமில்லாத காகிதம் நல்லது.

உடம்போட வைக்கணும்னா 70ல இருந்து 80 சதவீத எத்தனால், மரபணு வேலைக்குன்னா 95. பார்மலின்ல விட்டா அது அமிலமாகி ஓட்டைக் கரைச்சுடும். நேரா ஆல்கஹால்ல போட்டா சுருங்கி உருண்டையாகிடும், எதுவும் தெரியாது, அதனால முதல்ல மெக்னீசியம் குளோரைடு கரைசல்ல தளர்வாக விட்டு, தொட்டா அசையாத நிலைக்கு வந்த பிறகு மாத்துங்க. ஓடில்லாத கடல் நத்தைன்னா உயிரோட இருக்கும்போதே போட்டோ எடுத்துடுங்க, ஆல்கஹால்ல கலர் முழுசா போயிடும். உண்மையில ஆரம்பத்துல நீங்க உயிரோட எதையும் எடுக்கவே வேண்டாம், காலி ஓடும் போட்டோவும் ரெண்டு வருஷத்துக்குத் தாராளமா போதும்.

9. செலவும் நேரமும்

காசு போட வேண்டியது 10 மடங்கு கை லென்ஸ், நுணுக்கமா அளவு எடுக்க ஒரு வெர்னியர், நல்ல காகிதம், கவர். இதுக்கு மேல முதல் வருஷத்துல எதுவும் வாங்காதீங்க. மைக்ராஸ்கோப் 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்கிற நத்தைங்ககிட்ட வரும்போது பாத்துக்கலாம். பேர் எழுதி விக்கிற ஓட்டை வாங்கி ஒப்பிட்டுப் பாக்கலாம்னு தோணும், வேண்டாம், இடம் தேதி இல்லாத ஓடு அது.

நேரம்னு பாத்தா வகுப்பு ஒரு நிமிஷம், குடும்பம் பழகின பிறகு அரை மணி நேரம், சிற்றினம் சில சமயம் பல வாரம். விஷயம் தெரிஞ்சவங்களுக்கு அனுப்புறதுன்னா பதில் வர மாசக்கணக்குல ஆகலாம், அதனால கேக்கிற முதல் தடவையே முழுசா அனுப்புங்க. வயிற்றுக்காலின்னா வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், மேல இருந்து, அடியில இருந்து, நாலு படம். பைவால்வ்னா ரெண்டு ஓடும் வெளிப்பக்கம், உள்பக்கம், கீல் மட்டும் கிட்ட வச்சு ஒண்ணு. எல்லாத்துலயும் பக்கத்துல ஸ்கேல், கறுப்புத் துணி மேல, பிளாஷ் போடாம பக்கவாட்டு வெளிச்சத்துல. கூடவே லேபிள்ல இருக்கிறதை அப்படியே டைப் பண்ணுங்க, நீங்க நினைக்கிற குடும்பம் எது, எந்த அடையாளத்தை வச்சு நினைக்கிறீங்கன்னும் ரெண்டு வரி எழுதுங்க. அந்த ரெண்டு வரி இருந்தா எங்க தப்புப் பண்ணீங்கன்னு அவங்களே சொல்லித் தருவாங்க.